பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: எலும்பு நலிவு மருந்துகளின் வரலாறும் இலங்கையின் மருந்துக் கொள்கையும்

1

தமிழிலக்கிய மரபு பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்துள்ளது. பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக அமையும் இப்பகுப்பினைப் பாட்டியல் நூல்கள் வயதெல்லையுடன் கூறும். நூலுக்கு நூல் எண்ணிக்கையிற் சிறு வேறுபாடுகள் உண்டெனினும், பெருவழக்காகக் கொள்ளப்படும் கணக்கின்படி பேரிளம்பெண்ணின் பருவம் 40 வயதுடன் முடிவடைகின்றது. அதற்கு அப்பாற்பட்ட பெண்ணுக்கு இவ்வாய்பாட்டிற் பெயரில்லை. உலா என்னும் இலக்கிய வடிவம் நிலப்பிரபுத்துவ அரசவையின் தேவைகளிலிருந்து தோன்றியது என்பதை நினைவுகூரின், இவ்விடுபாடு தற்செயலானதன்று என்பது புலனாகும். வீதியுலா வரும் தலைவனைக் கண்டு காமுறும் தகுதியே பருவப் பகுப்பின் அளவுகோலாக இருந்தது. அத்தகுதி தீர்ந்தவள் கணக்கிலிருந்து நீங்கினாள்.

முதுமகளிர் நமது இலக்கியத்தில் அறவே இல்லை என்று கூறவந்தோமல்லோம். புறநானூற்றில் நரைத்த கூந்தலும் வற்றிய உடலுமாகத் தாயர் தோன்றுகின்றனர். ஆயின் அவர்கள் போர்க்களத்தில் மாண்ட மகனின் தாயராகவே அங்கு மதிப்புப் பெறுகின்றனர். காரைக்காலம்மையார் தசையை உதறி எலும்புருக்கொண்ட வரலாறு பத்தி மரபிலே போற்றப்படுகின்றது. அங்கும் உடலைத் துறப்பதே பேறாகின்றது. நவீன மருத்துவம் தமிழிற் கால்கொண்டபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட நூல்களுள் ஒன்று 'பிரசவ வைத்தியம்'. பெண்ணுடல் நவீன தமிழ் மருத்துவ நூலுக்குள் நுழைந்த வாயில் மகப்பேறு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இம்மௌனத்துக்குப் பொருளியல் அடிப்படை ஒன்று இருந்தது. 1946 இல் இலங்கையிற் பிறந்த பெண்ணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 42 ஆண்டுகளைத்தானும் எட்டவில்லை; ஆணினதைவிட அது குறைவாயிருந்தது. சிசு மரணங்களே இச்சராசரியைப் பெரிதும் தாழ்த்தின என்பது உண்மை. எனினும், மகப்பேற்று மரணமும் மலேரியாவும் பசியும் பெண்களை இடைவயதிலேயே கவர்ந்துசென்றன. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களிற் பணியாற்றிய வேளையில், நோயைவிடப் பட்டினியே மக்களை மடிவித்ததைக் கண்டனர். இன்று இலங்கைப் பெண்ணின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 80 ஆண்டுகளாகும். இலவசக் கல்வியும் இலவசச் சுகாதார சேவையும் அரிசிப் பங்கீடும் மலேரியா ஒழிப்பும் பெற்றுத்தந்த வெற்றி இது; உழைக்கும் மக்களின் நீண்ட போராட்டத்தின் விளைவு. அவ்வெற்றியே புதியதொரு முரண்பாட்டையும் உடன்கொணர்ந்தது. மாதவிடாய் முடிந்தபின் 30 ஆண்டுகள் வாழும் பெண் என்பவள் வரலாற்றிற் புதியவள். அவளது எலும்பு பற்றிய மருத்துவமும் அம்மருத்துவத்தின் பின்னாலுள்ள வாணிபமும் இக்கட்டுரையின் பொருளாகும்.

2

சொல் பற்றிய ஒரு குறிப்பு முதலில் வேண்டும். 'எலும்புத் தேய்வு' என்று நமது மக்கள் கூறுவது இரு வேறு நோய்களுக்குப் பொதுவாக வழங்குகின்றது. முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்பின் உள்ளமைப்பு ஐதாகி, வலிமை குன்றி, சிறு வீழ்ச்சியிலேயே முறிவது மற்றொன்று. முன்னையது வலியால் தன்னை அறிவிக்கும். பின்னையது முறியும்வரை ஓசையின்றி இருக்கும். ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் இப்பின்னையதையே இங்கு 'எலும்பு நலிவு' என்கின்றோம். எலும்பு உயிருள்ள இழையம். பழையது அரிக்கப்படுவதும் புதியது படிவதும் வாழ்நாள் முழுவதும் நிகழ்கின்றன. ஈஸ்திரோசன் என்னும் ஓமோன் அரிப்பைக் கட்டுப்படுத்துகின்றது. மாதவிடாய் முடிவுடன் அது குறைய, அரிப்பு படிவை விஞ்சுகின்றது. மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகியவை முறிவுக்கு உள்ளாகும் முக்கிய இடங்களாம்.

அமெரிக்க மருத்துவர் புல்லர் ஓல்பிறைற்றும் அவர்தம் சகாக்களும் 1941 இல் இத்தொடர்பை எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டிலேயே, சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்திரோசன் கலவை 'பிறெமரின்' என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அறிவியற் கண்டுபிடிப்பும் பண்டமும் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தன எனலாம். 1966 இல் றொபேட் வில்சன் என்னும் மருத்துவர், மாதவிடாய் முடிவை ஒரு குறைபாட்டு நோயாகவும் ஈஸ்திரோசனை நிரந்தரப் பெண்மைக்கான வழியாகவும் வருணித்து எழுதிய நூல் பெருவிற்பனை கண்டது. மருந்து நிறுவனத்தின் பணம் அம்முயற்சியின் பின்னால் இருந்தமை பிற்காலத்தில் வெளிப்பட்டது. உலா இலக்கியத்தின் கணக்கு இங்கு மீண்டும் தலைகாட்டுகின்றது: பெண் பேரிளம்பெண்ணுக்கு அப்பாற் செல்லாமல் மருந்தினால் தடுக்கப்படுதல் வேண்டும் என்பதே வில்சனின் சாரம்.

1975 இல், தனி ஈஸ்திரோசன் உட்கொண்ட பெண்களிடையே கருப்பையின் உட்படலப் புற்றுநோய் மிகுந்திருத்தலை ஆய்வுகள் வெளிப்படுத்தின. வேறோர் ஓமோனைச் சேர்த்துக் கொடுப்பதன் மூலம் அவ்வாபத்து குறைக்கப்பட்டது. விற்பனை மீண்டும் உயர்ந்தது. 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடாத்தப்பட்ட பேராய்வின் கூட்டு ஓமோன் பகுதி 2002 யூலையில் இடைநிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோயும் இதயநோயும் பக்கவாதமும் அதிகரித்தமை அதற்குக் காரணம். அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவுகள் மூன்றிலொரு பங்கு குறைந்தமையும் பதிவாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்கவேண்டும். மருந்து பொய்யன்று, எல்லாப் பெண்ணுக்கும் எக்காலத்துக்கும் என்ற விளம்பரமே பொய்யானது. மாதவிடாய் முடிந்த அண்மைக் காலத்தில், கடும் உபாதை உடையோருக்கு அளவறிந்து வழங்கப்படும்போது அதன் பயன் இன்றும் மறுக்கப்படுவதில்லை.

3

இரண்டாவது மருந்துக் குடும்பம் ஆலையின் நீர்க்குழாயிலிருந்து வந்தது. வன்னீரிலுள்ள கல்சியம் குழாய்களிற் படியாமல் தடுப்பதற்குத் தொழிற்றுறையிற் பயன்பட்ட பொஸ்பேற்றுச் சேர்வைகள், எலும்பின் கனிமத்துடனும் பிணையும் இயல்பின என்பதை 1960களில் சுவிற்சர்லாந்தில் ஹேபேட் பிளைஷ் என்பாரும் அவர்தம் குழுவினரும் கண்டனர். இவ்வாராய்ச்சியிலிருந்து கிளைத்த பிஸ்பொஸ்பொனேற்று வகையைச் சேர்ந்த அலென்ட்ரோனேற்று, மேர்க் நிறுவனத்தின் உடைமையாக 1995 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதற்கு முந்திய ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று நோய்க்கு எண் வடிவில் வரைவிலக்கணம் வகுத்திருந்தது. இளம் வெள்ளையினப் பெண்களின் சராசரி எலும்படர்த்தியிலிருந்து 2.5 நியம விலகல் தாழ்ந்தவர் நோயாளர். 1 முதல் 2.5 வரை தாழ்ந்தவர் 'ஒஸ்ரியோபீனியா' உடையவர். ஆய்வாளருக்கு வசதியான அளவுக்கோடாக அமைந்த இவ்விரண்டாம் வகை, வணிகர் கையில் பல கோடிப் பெண்களை நோயாளராக்கும் வாயிலாயிற்று. எலும்படர்த்தியை அளக்கும் சிறு கருவிகளை மருத்துவர் தம் அறைகளிற் பரப்புவதற்கென மேர்க் நிறுவனமே அமைப்பொன்றைத் தோற்றுவித்தது. பண்டத்தை விற்பதற்கு முன்னர் அப்பண்டத்துக்கான தேவையை அளக்கும் கோலையும் மூலதனம் உற்பத்தி செய்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

எனினும் மருந்தின் பயனைக் குறைத்துரைத்தலும் தவறாகும். முதுகெலும்பு முறிவு ஏற்கனவே ஏற்பட்ட 2,027 பெண்களிடம் நிகழ்த்தப்பட்டு 1996 இல் வெளியான பரிசோதனையில், ஏறத்தாழ மூன்றாண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவுகள் நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைந்தன. இடுப்பு முறிவு நூற்றுக்கு 2.2 இலிருந்து 1.1 ஆயிற்று. பின்னதை 'பாதியாகக் குறைந்தது' என்றும் கூறலாம். 'நூறு பெண்களுள் ஒருவர் காப்பாற்றப்பட்டார்' என்றும் கூறலாம். இரண்டும் கணிதப்படி உண்மையே. விளம்பரம் முன்னதைத் தெரிவு செய்கின்றது. நோயாளி பின்னதையும் அறிய உரிமையுடையவள். முறிவு காணாத பெண்களிடம் நடாத்திய அடுத்த பரிசோதனையில் (1998), எலும்படர்த்தி மிகத் தாழ்ந்தவர்களே தெளிவான பயனடைந்தனர். நோய் முற்றிய பெண்ணுக்கு மருந்து வலுவாக உதவுகின்றது. எல்லைக்கோட்டிலுள்ள பெண்ணுக்கு அதன் உதவி சொற்பம். ஆனால் சந்தை பெரிதாவது எல்லைக்கோட்டிலேயே.

2003 இல் தாடையெலும்பு அழுகல் பற்றியும், பின்னர் நீண்டகாலப் பாவனையில் தொடையெலும்பு வழமைக்கு மாறாக முறிதல் பற்றியும் செய்திகள் வந்தன. இவை அரியன, ஆயினும் மருந்தை வாழ்நாள் முழுவதும் விழுங்கலாகாது, ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின் மீளாய்வு செய்து பலருக்கு நிறுத்திவைக்கலாம் என்ற தெளிவு இதனாற் பிறந்தது. ஆண்டுக்கொருமுறை ஏற்றப்படும் சொலெட்ரோனிக் அமிலம் (2007), ஆறு மாதத்துக்கொருமுறை ஊசியாக ஏற்றப்படும் டெனோசுமாப் (2010) என்பன தொடர்ந்து வந்தன. பின்னையதை இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் விரைந்து தோன்றக்கூடும். எனவே ஒருமுறை தொடங்கிய பெண், பணமில்லை என்பதற்காக இடைவிட முடியாது. மருந்தின் இயல்பே வருமானத்தின் ஒழுங்கை வேண்டி நிற்கின்றது.

4

இலங்கையின் வரலாறு இவ்விடத்தில் தனிமுக்கியத்துவம் பெறுகின்றது. மருந்து யாருக்காக, எவ்விலையில், எப்பெயரில் என்ற வினாக்களை உலகின் பெரும்பகுதி எழுப்புவதற்கு முன்னரே இந்நாடு எழுப்பியது. 1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், கம்யூனிஸ்ற் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலேயும் 1971 இல் மருந்து முகாமைத்துவம் பற்றிய அறிக்கையைச் சமர்ப்பித்தனர். அதன் அடிப்படையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதற் தலைவரானார். தனியார் துறை இறக்குமதி செய்துவந்த 2,000 க்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் மருந்துகள் வாங்கப்பட்டன. வணிகப்பெயர் நீங்கி மருந்தின் இயற்பெயர் முன்வந்தது. மொழியியலாளர் கண்கொண்டு நோக்கின், இது ஒரு சொற்போராட்டமுமாகும். ஒரே பொருளுக்கு நூறு பெயர் சூட்டி நூறு விலை கூறும் உரிமையை அது மறுத்தது.

எதிர்ப்பும் அவ்வாறே அமைந்தது. 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் தருவித்த ரெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொழும்பிலிருந்த பைசர் நிறுவனத் தொழிற்சாலையில் உறைமாத்திரைகளாக்க அந்நிறுவனம் இணங்கவில்லை. தொழிற்சாலையைப் பொறுப்பேற்க அரசாங்கம் எண்ணியவேளை, அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரில் தலையிட்டார். பொறுப்பேற்பு நிகழவில்லை. 1977 யூலையில் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதியில் கூட்டுத்தாபனம் பெற்றிருந்த தனியுரிமை நீங்கியது, வணிகப்பெயர்கள் திரும்பின. ஐக்கிய நாடுகளின் பணியொன்றின் நிமித்தம் கயானா சென்றிருந்த பிபிலே அவ்வாண்டு செப்ரெம்பரில் அங்கு காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் அதே ஆண்டிலேயே வெளியாயிற்று. ஈழத்துத் தமிழரான மருந்தியலறிஞர் கே. பாலசுப்பிரமணியம் பிபிலேயின் சிந்தனையைப் பிற்காலத்தில் அனைத்துலக அரங்குகளில் முன்னெடுத்தவருள் ஒருவர்.

அலென்ட்ரோனேற்று தோன்றிய 1995 இல் பிபிலேயின் கொள்கை சட்டத்தில் நிலைபெற்றிருக்கவில்லை. ஆயினும் வேறொரு நாட்டின் சட்டம் நமது பெண்களுக்குத் துணைநின்றது. இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துகளில் உற்பத்தி முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. மருந்துப் பொருளுக்கு வழங்கவில்லை. 2005 வரை நீடித்த அவ்வேற்பாட்டினால், அமெரிக்காவில் மேர்க் நிறுவனத்தின் காப்புரிமை 2008 இல் முடிவதற்கு முன்னரே இந்திய நிறுவனங்கள் இம்மருந்தை மலிவாக ஆக்க இயன்றது. இலங்கையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015 இலேயே நிறைவேறியது. 2016 இல் 48 மருந்துகளின் விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் உயிர்காக்கும் மருந்துகளே அரிதாகியபோது, உடனடியாக உயிர் போக்காத நோய்களின் மருந்து பின்வரிசைக்குச் சென்றமை வியப்பன்று. இறக்குமதியை நம்பிய மருந்துக் கொள்கை எத்துணை நொய்தானது என்பதை மக்கள் அன்று தம் உடலாற் கற்றனர்.

5

இனி, கொழும்பின் இரு பகுதிகளை நோக்குவோம். வெள்ளவத்தையின் பெயர் ஒரு காலத்தில் நெசவாலையுடன் இணைந்திருந்தது. 1933 ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தோற்றுவாய்களுள் ஒன்று. இன்று அப்பகுதி மாடிக் குடியிருப்புகளின் நிலையம். 1983 யூலை வன்செயலும் 1995 இன் யாழ்ப்பாண இடப்பெயர்வும் அங்கு கொணர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். தாய் மட்டும் ஐந்தாம் மாடியில். அனுப்பப்படும் பணத்தில் விசேட வைத்திய நிபுணர் 'சனல்' செய்யப்படுகின்றார், எலும்படர்த்தி அளக்கப்படுகின்றது, வணிகப்பெயருடன் மாத்திரை வாங்கப்படுகின்றது. வெயிலில் நடக்கவும் துணைக்கு ஒருவர் வரவும் அவளுக்கு வழியில்லை. மிகை மருந்தும் குறை வாழ்வும் ஒருங்கே அமைந்த நிலை இது.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. துறைமுகத்தை அண்டிய ஒடுங்கிய தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் வாழும் முதியவளை எவரும் அளப்பதில்லை. குழாயடியிலிருந்து நீர் சுமந்தும் சுமை தூக்கியும் இடியப்பம் பிழிந்து விற்றும் கழிந்த உடல் அது. 1970களின் பிற்கூறு முதல் மகள்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகவும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றபோது, பேரப்பிள்ளைகளை வளர்த்தவள் அவளே. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த உழைப்பின் பின்னால் கூலியின்றி நின்றது இம்மூதாட்டியின் உழைப்பு. மாதவிடாய் முடிந்தவள் உற்பத்திக்கும் மறு உற்பத்திக்கும் புறம்பானவள் என்ற கருத்து எத்துணை பொய்யானது! ஈரப்படியில் அவள் வழுக்கி இடுப்பெலும்பு முறியுமாயின், மகள் வேலையைத் துறக்கின்றாள். பேத்தி பள்ளிக்கூடத்தை விடுகின்றாள். இடுப்பு முறிந்த முதியோருள் ஐவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சியோருட் பலர் முன்போல் நடப்பதில்லை.

இவ்விரு பெண்களையும் இணைப்பது மொழி. அலென்ட்ரோனேற்று மாத்திரை கிழமைக்கு ஒன்று. விடியலில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் நீருடன் விழுங்கவேண்டும். பின்னர் அரைமணி நேரம் படுக்கலாகாது, தேநீரும் அருந்தலாகாது. கல்சிய மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலிற் சேராது. சாய்ந்து படுத்தால் உணவுக்குழாய் புண்படும். விழித்தெழுந்தவுடன் தேநீர் அருந்தும் நமது வீடுகளில் இவ்விதிகளே மருந்தின் உயிர். மருந்துப் பெட்டியினுள் இருக்கும் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடிந்ததெனில், ஒரு மாத்திரையின் விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட இன்று முடியாமைக்குக் காரணம் மொழியின் வறுமையன்று.

6

கடந்த காலத்தைப் போற்றி மருந்தைத் துறக்குமாறு நாம் கூறவில்லை. முறிவு நெரிவு வைத்தியரின் கைத்திறனும் பிரண்டையும் மக்கள் அனுபவத்தின் செல்வங்களே. எனினும் அவை முறிந்தபின் வருவன. முறியுமுன் அறிதல் நவீன அறிவியலின் பேறு. அப்பேறு சந்தையின் கையிலிருப்பதே நமது முறைப்பாடு. குரக்கன், எள், நெத்தலி, இலைக்கறி என்பவற்றை உண்ணும்படி அறிவுரை கூறுவதும் வாங்கும் சக்தி இல்லாதவளுக்கு வெறும் சொல்லாகவே முடியும்.

முற்போக்காளராகிய நாம் சுயவிமர்சனமும் செய்துகொள்ளல் வேண்டும். பிபிலேயின் பட்டியல் தன் காலத்து உயிர்க்கொல்லி நோய்களை முன்வைத்தது, அது சரியானதே. ஆனால் அவர் வழிவந்த நாம், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12 க்கு மேலாகிவிட்ட பின்னரும், முதிய பெண்ணின் உடலை அரசியல் வினாவாகக் கொள்ளவில்லை. 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996 இல் அரசு தொடக்கிய 'சுவநாரி' சிகிச்சை நிலையங்கள் நமக்குள்ள நல்ல அத்திவாரம். குருதியழுத்தமும் நீரிழிவும் புற்றுநோயும் நோக்கப்படும் அதேயிடத்தில், முன்னர் முறிவுற்றவர் யார், உயரம் குறைந்தவர் யார், தாய்க்கு இடுப்பு முறிந்தது உண்டா என்ற எளிய வினாக்களைக் கேட்டு, ஆபத்து மிக்கவர்களை மாத்திரம் அளவைக்கும் மருந்துக்கும் அனுப்ப இயலும். இயற்பெயரில் மருந்து, அரச வைத்தியசாலையில் அளவை, தாய்மொழியில் விதி, வழுக்காத படி, சுமக்க வேண்டாத குடிநீர் என்ற ஐந்தும் ஒரே கொள்கையின் உறுப்புகள். இவற்றுள் மருந்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து விற்பது சந்தையின் வழக்கம்.

ஏழு பருவம் கூறிய புலவன் நாற்பதில் நிறுத்தினான். அவன் காலத்துச் சமுதாயம் அவ்வளவே கண்டது. எண்பது வரை வாழும் பெண்ணைத் தோற்றுவித்த நமது சமுதாயம் அவளுக்குரிய இடத்தையும் வகுத்தல் வேண்டும். கொட்டாஞ்சேனை மூதாட்டி நிமிர்ந்து நடக்கும் உரிமையை மகன் அனுப்பும் பணத்திலோ கம்பனியின் கருணையிலோ விட்டுவைக்காத மருந்துக் கொள்கையே பிபிலே தொடங்கிய பணியின் நிறைவாகும்.